வற்புறுத்தாத அன்பு

நாசரேத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் தூரம் அதிகமில்லை. அதே செம்மண் தேரி, அதே பனை, அதே ஆங்கிலிக்க ஜெபபுத்தகம். ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாசரேத் எஸ்.பி.ஜி. ஊர், மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். ஊர். லண்டனில் அலுவலகம் வைத்திருந்த இரண்டு சங்கங்களின் பெயர்கள் பனையேறிக் குடும்பங்களின் அடையாளமாகிவிட்டன. மதுரைக்குப் போனால் அமெரிக்கன் மிஷன், நாகர்கோவிலில் எல்.எம்.எஸ்., தரங்கம்பாடி வட்டாரத்தில் லூத்தரன், வேலூர் ராணிப்பேட்டைப் பக்கம் ஆற்காடு மிஷன். ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை அவருடைய விசுவாசம் முடிவு செய்யவில்லை. மிஷன் சங்கங்கள் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்டபோது அவருடைய தாத்தா எந்த ஊரில் இருந்தார் என்பதே முடிவு செய்தது. பிழைப்புக்காக நாசரேத்திலிருந்து மதுரைக்குப் போனவர் அங்கே நற்கருணை எடுக்கலாமா என்பதுகூடக் கேள்வியாக இருந்தது.

இங்கிலாந்தில் ஆங்கிலிக்கருக்கும் பிரஸ்பிட்டேரியருக்கும் மெத்தடிஸ்டுகளுக்கும் நடந்த சண்டைகளுக்கு அவர்களுடைய நாட்டு வரலாற்றில் ஏதோ காரணம் இருந்தது. அந்தச் சண்டைகளில் பங்கேற்காத நம் மக்கள் அவற்றின் வடுக்களை மட்டும் சுமந்தார்கள். 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் கூடியவர்கள் இதைத்தான் முதலில் சொன்னார்கள். கூடியவர்கள் 33 பேர், இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, இவை எங்கள்மேல் வெளியிலிருந்து வந்து விழுந்தவை, இவற்றை நீடிக்கச் செய்யும் விருப்பமும் எங்களுக்கு இல்லை என்பது அவர்கள் விடுத்த அறிக்கையின் சாரம். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த அறிக்கையின் குரலில் இருக்கும் தன்மானத்தை அந்த மாதத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து 1947 செப்டம்பர் 27 வரை 28 ஆண்டுகள் பேச்சு நடந்தது. அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர்கள் ஆளும் ஆங்கிலிக்க மரபும், பேராயரே இல்லாத பிரஸ்பிட்டேரிய, காங்கிரிகேஷனல் மரபுகளும், மெத்தடிஸ்டுகளும் ஒரே சபையாக இணைந்தது உலகில் அதுவே முதல் முறை. அந்த 28 ஆண்டு ஆவணங்களை வாசித்தால், ஐக்கியத்தில் அன்புக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு மேடைப் பிரசங்கங்களில் கேட்காத ஒரு பதில் கிடைக்கிறது.

நம் பிரசங்கங்களில் அன்பு எளிதாக வந்துவிடுகிறது. அன்பு இருந்தால் உபதேச வேறுபாடுகள் தானாகக் கரைந்துவிடும் என்பார்கள். அப்படிக் கரைவதில்லை. ஒருவரையொருவர் உண்மையாக நேசித்தவர்களே பேராயர் வேண்டுமா வேண்டாமா என்பதில் இருபது ஆண்டுகள் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். அன்பு அவர்களுடைய வேறுபாட்டைத் தீர்க்கவில்லை. அந்த வேறுபாட்டோடு மேசையைவிட்டு எழாமல் இருக்கும் பலத்தைக் கொடுத்தது.

இந்தக் கதையின் மையத்தில் நிற்பவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர், குருவானவரின் மகன். 1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகளில் ஆசியச் சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அவர்களில் 35 வயது அசரியா எழுந்து, மிஷனரிகளுக்கும் உள்ளூர் ஊழியர்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பற்றிப் பேசினார். கைகுலுக்குவது, நாற்காலி போட்டு உட்காரச் சொல்வது, தேநீருக்கு அழைப்பது போன்ற சின்ன மரியாதைகள்கூட அரிதாக இருப்பதைத் தொட்டுக் காட்டினார். அவற்றை மட்டும் கேட்டு நிற்கவில்லை என்றும் சொன்னார். அவருடைய கடைசி வாக்கியங்கள் பரிசுத்த பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தின்மேல் கட்டப்பட்டவை. உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், அதற்காக இந்தியா நன்றி சொல்லும், ஆனால் எங்களுக்கு அன்பும் வேண்டும் என்றார். பிறகு தானம் கேட்கவில்லை, தலைமை கேட்கவில்லை, நண்பர்களைக் கேட்டார்.

மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததில் வியப்பில்லை. அந்த அதிகாரத்தைத் தங்கள் தியாகத்துக்குச் சான்றாக வாசித்துப் பழகியவர்களிடம், அந்தத் தியாகத்தில் அன்பு எங்கே என்று அதே அதிகாரத்தை வைத்து ஒருவர் கேட்டுவிட்டார். சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுப்பவரிடமும் அன்பு இல்லாமற்போகலாம் என்று பவுல் எழுதியது கல்யாண வீட்டில் வாசிப்பதற்காக அல்ல. கட்சி கட்டிக்கொண்டு நின்ற ஒரு சபைக்கு எழுதியது. கொரிந்துவில் சிலர் பவுலின் கட்சி, சிலர் அப்பொல்லோவின் கட்சி, சிலர் கேபாவின் கட்சி. பந்தியில் பணக்காரர் முதலில் உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு நின்றார்கள். இவ்வளவும் அதே நிருபத்தில் முந்திய அதிகாரங்களில் இருக்கிறது. அசரியா அந்த அதிகாரத்தை அது பிறந்த இடத்தில் வைத்து வாசித்தார்.

சபை உடைவது உபதேசத்தால் மட்டும் என்று நினைப்பவர்கள் நாசரேத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1849இல் மிஷனரி கால்டுவெல் தம் சபை மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். சாணார் என்று அவர் குறிப்பிட்ட அந்த மக்களின் அறிவையும் பழக்கவழக்கங்களையும் தாழ்த்திப் பேசியது அந்த நூல். மொழியியலில் அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது, இடையன்குடியில் அவர் உழைத்த உழைப்பும் உண்மை. ஆனாலும் அந்த நூல் செய்த காயம் ஆறவில்லை. நாசரேத்து மிஷனோடு மோதி வெளியேறிய சட்டாம்பிள்ளை 1857இல் வெள்ளைக்காரத் துரைமார் இல்லாத தனிச் சபையைத் தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள் போன்ற உபதேச வேறுபாடுகள் அந்தச் சபைக்கு உண்டு. ஆனால் வேர் அவமதிப்பில் இருந்தது. ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தன் போதகர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொண்டது, அவ்வளவுதான்.

அன்பைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பழைய வரலாற்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் பேராயர் அகஸ்டின், டொனாட்டிஸ்டுகளின் பிரிவினையை அன்பின் குறை என்றே விளக்கினார். அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லும், அன்பில்லாததால் அது அவர்களுக்குப் பயன்படாது என்றார். ஆழமான சிந்தனைதான். ஆனால் அதே அகஸ்டின், தொடக்கத்தில் தயங்கினாலும், பிரிந்தவர்களை ரோமப் பேரரசின் சட்டத்தாலும் தண்டத்தாலும் திரும்பக் கொண்டுவருவதை நியாயப்படுத்தும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். விருந்து உவமையில் எஜமான் வேலைக்காரனிடம் வழியில் இருப்பவர்களை வருந்தி அழைத்துவரச் சொல்கிறார் அல்லவா, அதையே சான்றாகக் காட்டினார். அவருடைய பார்வையில் தகப்பன் பிள்ளையைத் திருத்துவதுபோல அதுவும் அன்பின் செயல். பிற்கால ஐரோப்பா அந்த வாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னென்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். ஒன்றாயிருப்பதே அன்பு என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், ஒன்றாக மறுப்பவர் அன்பின் எதிரி ஆகிவிடுகிறார். பிறகு அவரை எதுவும் செய்யலாம்.

இந்தப் பின்னணியில்தான் தென்னிந்தியத் திருச்சபையின் அமைப்புச் சட்டத்தில் உள்ள ஒரு வாக்குறுதியின் மதிப்பு புரியும். எந்தச் சபையின்மீதும் அது பழகாத, அல்லது அதன் மனச்சாட்சி ஒப்பாத வழிபாட்டு முறையையோ குருத்துவத்தையோ திணிப்பதில்லை என்பதே அது. ஆங்கிலிக்கச் சபை தன் ஜெபபுத்தகத்தோடு தொடரலாம், மதுரைச் சபை தன் எளிய ஆராதனையோடு தொடரலாம். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத ஊழியர்களும் இணைந்த சபையின் குருமார்களே, மறு அபிஷேகம் தேவையில்லை. இனிமேல் அபிஷேகம் பெறுகிறவர்கள் பேராயரிடம் பெறுவார்கள். முப்பது ஆண்டு இப்படி இருந்து சேர்ந்து வளர்ந்த பிறகு, மிச்சமிருக்கும் கேள்விகளை அப்போது முடிவு செய்யலாம் என்பது அன்றைய ஏற்பாடு.

இதை எழுதியவர்கள் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பாருங்கள். அப்போஸ்தலர் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் பேராயர் வரிசையில்லாமல் குருத்துவமே இல்லை என்று நம்பிய ஆங்கிலிக்கர்கள், அந்த வரிசைக்கு வெளியே நின்றவர்களின் ஊழியத்தைக் கடவுள் ஆசீர்வதித்திருக்கிறார் என்று ஒப்புக்கொண்டார்கள். பேராயர் என்ற பெயரைக் கேட்டாலே அரசனின் கொடுமை நினைவுக்கு வரும் ஸ்காட்லாந்து மரபில் வந்தவர்கள் பேராயர்களை ஏற்றுக்கொண்டார்கள். காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்த பிரஸ்பிட்டேரியரான லெஸ்லி நியூபிகின் 37 வயதில் மதுரை-இராமநாதபுரம் பேராயரானார். யாழ்ப்பாணத்துக்குச் சபாபதி குலேந்திரன் பேராயரானார். நாடுகள் இரண்டானாலும் யாழ்ப்பாணம் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயமாகவே தொடர்ந்தது.

வெளியிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இந்தத் திட்டத்துக்கு எதிராகத் தனிப் பிரசுரமே எழுதினார். தெளிவில்லாத வார்த்தைகளால் உண்மையான வேறுபாட்டை மூடுகிறீர்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதில் உண்மை இருந்தது. சில இடங்களில் மூடத்தான் செய்தார்கள். ஆனால் எல்லாம் தெளிவான பிறகே சேர்வோம் என்றிருந்தால் இன்றுவரை சேர்ந்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. 1948இல் கூடிய ஆங்கிலிக்கப் பேராயர்களின் லாம்பெத் மாநாடு புதிய சபையை எப்படி ஏற்பது என்று ஒருமனப்படவில்லை. தென்னிந்தியத் திருச்சபை அந்த மாநாட்டில் முழு உறுப்பினராக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளூரிலும் எல்லாரும் வரவில்லை. நந்தியால் பகுதியில் ஆங்கிலிக்கச் சபைகள் பல சேர மறுத்தன. அவர்களை யாரும் தண்டத்தால் திருத்தவில்லை. அகஸ்டினிடமிருந்து இந்த இடத்துக்கு வந்து சேரத் திருச்சபைக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு பிடித்திருக்கிறது.

அசரியா இதைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு நாளில் தோர்ணக்கல்லில் காலமானார், இணைப்புக்கு இரண்டே முக்கால் ஆண்டு முன்னால்.

இணைந்த சபை தன் நற்கருணை முறைமையை 1950இல் வெளியிட்டது. அதில் சமாதானம் கொடுக்கும் சடங்கு ஒன்று வந்தது. ஒருவர் தம் வலது உள்ளங்கையை மற்றவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார், இருவரும் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடிக்கொள்கிறார்கள். பீடத்திலிருந்து புறப்பட்டு வரிசை வரிசையாகச் சபை முழுவதும் அது கைமாறி வருகிறது. கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து எடுத்தது அது. மேலை நாட்டுச் சபைகளில் சாதாரண மக்கள் நடுவே அந்த வழக்கம் அநேகமாக மறைந்தே போயிருந்தது. பிறகு அங்கே அது திரும்பி வந்ததற்குத் தென்னிந்தியாவின் இந்த முன்மாதிரி முக்கியமான ஒரு காரணம். இந்தச் சடங்கை வகுத்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஐக்கியத்தை விசுவாசப் பிரமாணத்தில் மட்டும் வைத்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் நிற்பவரின் கையைத் தொட்டாக வேண்டும் என்று ஆக்கினார்கள். தொடுதலுக்கு நம் ஊரில் என்ன பொருள் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மனம் கனக்கும் பகுதிக்கு இப்போது வருகிறேன்.

1935 அக்டோபரில் இயோலாவில் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்த அம்பேத்கர், பிறகு அசரியாவைச் சந்தித்தார். அசரியாவின் வரலாற்றை எழுதியவர்கள் அந்தச் சந்திப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் மக்கள் கிறிஸ்தவர்களானால் எங்கே போனாலும் ஒரே சபையாக இருக்க முடியுமா, பிரிவுகளில் சிதறாமல், சாதியில் சிக்காமல் இருக்க முடியுமா என்ற பொருளில் அம்பேத்கர் கேட்டார். ஆம் என்று சொல்ல முடியாததற்காக அசரியா வெட்கப்பட்டார். 1947 அந்தக் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சொன்னது. இரண்டாம் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது.

கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். சி.எஸ்.ஐ., ஆர்.சி., லூத்தரன் என்று சபையின் பெயர் இருக்கும், பக்கத்திலேயே சாதியின் பெயரும் இருக்கும். ஆர்.சி.யானாலும் பெந்தெகோஸ்தேயானாலும் சம்மதம் என்று விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. லூத்தரும் போப்பாண்டவரும் எந்த வேறுபாட்டுக்காகப் பிரிந்தார்களோ அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். சாதியின் பெயரை மட்டும் கடப்பதில்லை. ஐரோப்பியப் பிரிவுகள் நம்மேல் வந்து விழுந்தவை என்று தரங்கம்பாடியில் சொன்னது சரிதான். அதனால்தான் அவற்றைக் கழற்றிவைப்பதும் முடிந்தது. நாமே வளர்த்ததைக் கழற்ற மனம் வரவில்லை.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். வேதநாயகம் சாஸ்திரியாரைப் போன்ற பெரும் பக்திக் கவிஞரே பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார். இது புராட்டஸ்டண்ட் சபைகளின் குறை மட்டும் அல்ல. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் சுவர் இறந்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரிக்கிறது.

அப்படியானால், திணிக்காமல் காத்திருப்பதே அன்பு என்று மேலே சொன்னதை இங்கே எப்படிப் பொருத்துவது? சாதி வழக்கத்தையும் மனச்சாட்சி என்று பேர்வைத்துப் பொறுத்திருக்க வேண்டுமா? இப்படிக் கேட்டவர்களை அறிவேன். காலம் வரும், மெல்ல மாறும், பொறுமை வேண்டும், ஐக்கியம் கெடக்கூடாது என்று ஆலோசனை சொல்பவர்கள் எல்லாச் சேகரத்திலும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை, காரணம் 1947இலேயே இருக்கிறது. அன்று பொறுத்திருந்தவர்கள் கையில் உரிமை வைத்திருந்தவர்கள். பேராயர் வரிசையும் பேரரசின் மதிப்பும் ஆங்கிலிக்கர் பக்கம் இருந்தன. திணிக்கக்கூடியவர்கள் திணிக்கவில்லை, அதனால் அது அன்பாக இருந்தது. சாதி விஷயத்தில் யாரைப் பொறுத்திருக்கச் சொல்கிறோம்? தென்னிந்தியத் திருச்சபையின் பெரும்பகுதியாக இருக்கும் தலித் கிறிஸ்தவர்களை. பலம் உள்ளவர் தம் பலத்தைக் கீழே வைப்பதற்குப் பெயர் பொறுமை. காயம்பட்டவரிடம் அதையே கேட்பது அவரை இன்னொரு முறை அடிப்பது. கொரிந்துப் பந்தியில் பவுல் கண்டித்தது உண்டு முடித்தவர்களை. பசித்து நின்றவர்களுக்கு அவர் பொறுமை போதிக்கவில்லை.

அதே கொரிந்துப் பந்தியை நினைத்தே எங்கள் பக்கத்து அசனப் பண்டிகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சபை முழுவதும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடும் வழக்கம் அது. அரிசி கொடுப்பவர், ஆடு கொடுப்பவர், விறகு கொடுப்பவர் என்று ஊரே சேர்ந்து செய்வது. இதைவிட அழகான ஐக்கிய அடையாளம் எந்த உலகச் சபை மாநாட்டிலும் இல்லை. ஆனால் சில ஊர்களில் பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு சாதிச் சபைக்கு அந்தப் பந்தலில் இலை போடுவதில்லை.

பேராயர் தேர்தல்களும் சொத்துக் கணக்குகளும் இன்று நீதிமன்றங்களில் நிற்கின்றன. வழக்கு போடுவதையே பாவம் என்று சொல்ல மாட்டேன், அநியாயம் நடக்கும்போது கேட்கத்தான் வேண்டும். என் கவலை வேறு. எடின்பரோவில் அசரியா மிஷனரிகளிடம் கேட்டதை இன்று ஒரு சாதாரண உபதேசியார் தம் பேராயரிடம் கேட்க முடியுமா? வெள்ளைக்கார அதிகாரி இருந்த நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தார், நாற்காலியின் உயரம் குறையவில்லை. இணைப்புத் திட்டத்தை எழுதியவர்கள் பேராயர் பதவியை அதிகாரமாக அல்லாமல் மேய்ப்பாக மாற்றுவோம் என்று உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் துரோகம் செய்திருக்கிறோம்.

நல்லதும் நடந்திருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையும் லூத்தரன் சபையும் 1969 முதல் மதுரை அரசரடியில் ஒரே இறையியல் கல்லூரியில் தங்கள் குருமார்களை உருவாக்குகின்றன, ஒரே சமையற்கட்டில் உண்டு படித்தவர்கள் இரு சபைகளிலும் பீடத்தில் நிற்கிறார்கள். சபைகள் இன்னும் ஒன்றாகவில்லை, ஆனாலும் இந்த நட்பு உண்மையானது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. புராட்டஸ்டண்ட் சபை மக்கள் பழைய மொழிபெயர்ப்பையே இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. திணிக்காமல் விட்டார்கள், அது போதும்.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் சபையார்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் கல்லறைத் தோட்டத்தைப் பற்றித் தீர்மானம் கொண்டுவாருங்கள், அதில் சாதிக்கொரு பகுதி இருந்தால் ஒன்றாக்கச் சொல்லுங்கள். வரும் அசனத்துக்குப் பக்கத்துத் தெருச் சபையைப் பந்தலுக்கு அழையுங்கள், அழைத்தவர்கள் அவர்களோடு ஒரே வரிசையில் உட்காருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது விளம்பரத்தில் சாதியின் பெயரை எழுதாதீர்கள். இவற்றுக்குச் சினாடின் அனுமதி தேவையில்லை, முப்பது ஆண்டு பேச்சும் தேவையில்லை.